எண்ணூர் மணலும் கல்பாக்கத்துக் கணக்கும்

அரியலூர் சிமென்ட் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் எண்ணூர் மணலைப் பற்றிச் சொல்வார். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு என்று இரண்டு ஆற்று மணலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். ஆனால் சோதனைக்கு மட்டும் சென்னைக்கு வடக்கே எண்ணூரிலிருந்து மூட்டையில் வரும் மணலைத்தான் தொடுவோம். பரும்படி, நடுத்தரம், பொடி என்று சலித்த மூன்று ரகம். ஒவ்வொன்றிலும் 200 கிராம், அதோடு 200 கிராம் சிமென்ட், அளந்த தண்ணீர். 70.6 மில்லிமீட்டர் அச்சில் வார்த்து, மறுநாள் அச்சைக் கழற்றி, 27 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, 3, 7, 28 நாட்களில் எடுத்து உடைப்போம். '53 கிரேடு' என்று மூட்டையில் அச்சடிக்க வேண்டுமென்றால், 28-ஆம் நாள் உடைக்கும் க்யூப் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டனாவது தாங்க வேண்டும்.

மணல் ஏன் அங்கிருந்தே வர வேண்டும்? நாட்டில் எல்லா ஆலையும் ஒரே மணலில் வார்த்தால்தான், க்யூப் முன்னே பின்னே உடைந்தால் அதற்குக் காரணம் சிமென்ட்தான், மணல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. 28 நாள் எந்த லாரியும் காத்திருக்காது. இன்றைக்கு அரைத்த சிமென்ட் நாளைக்குப் பெரம்பலூர் புறவழிச்சாலையில் போய்க்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் ஒரு ஃபார்முலா இருக்கும். கிளிங்கரின் வேதிக் கூறு, அரைப்பின் நுண்மை, மூன்றாம் நாள் வலிமை ஆகியவற்றைப் போட்டால் 28-ஆம் நாள் எவ்வளவு வரும் என்று அது சொல்லிவிடும். நன்றாகத்தான் சொல்லும். சுரங்கத்தில் வேறு பக்கம் வெட்ட ஆரம்பித்து, வேறு மாதிரிச் சுண்ணாம்புக்கல் வரும் வரைக்கும். அன்றைக்கு ஃபார்முலாவும் கை விரித்துவிடும். பழைய கல்லுக்குப் பொருந்திய எண்கள் புதிய கல்லுக்குப் பொருந்தும் என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை அல்லவா?

என் தங்கையைப் பெரம்பலூரில் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் அணு உலை இயற்பியல் படித்தவள். உலைக்குள் என்ன நடக்கும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது, அதாவது சிமுலேஷன், அவள் வேலை. ஒரு பொங்கல் லீவில் மடிக்கணினியைத் திறந்து சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படம் காட்டினாள். உலைக்குள் ஓடும் சோடியத்தின் வெப்பநிலையாம். பார்க்க அழகாக இருந்தது. எனக்குப் பழக்கதோஷம். "இதுல அளந்தது எது, கணக்குப் போட்டது எது?" என்றேன்.

"எல்லாமே கணக்குதான் மாமா" என்றாள். "அளந்தது வேற ஒரு உலையில. அங்க எங்க கணக்கு சரியா வந்துச்சான்னு பார்த்துட்டுதான் இங்க போடுறோம். உங்களுக்கென்ன, சந்தேகம் வந்தா க்யூபை உடைச்சுப் பார்த்துடுவீங்க. நாங்க உலையை உடைச்சுப் பார்க்க முடியுமா?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததும் அவளை நச்சரித்துக் கேட்டுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. நான் அணு விஞ்ஞானி இல்லை. ஆனால் ஓர் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்பது என் பிழைப்பாக இருந்தது.

முதலில் உலை இயற்பியலின் தலையாய எண். ஓர் அணு பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே வரும். சில உலையை விட்டே ஓடிவிடும். சிலவற்றை எஃகும் சோடியமும் கட்டுப்பாட்டுத் தண்டும் விழுங்கிவிடும். மிச்சத்தில் சராசரியாக ஒன்றே ஒன்று அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை சீராக ஓடும். இந்தச் சராசரியை 'கே' என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். கே ஒன்றுக்குக் கீழே இருந்தால் தொடர்வினை அணையும், மேலே போனால் பெருகும்.

பெருகினால் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நியூட்ரான்களில் பெரும்பகுதி பிளந்த கணமே வந்துவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் சில விநாடிகள், சமயத்தில் ஒரு நிமிடம்கூடத் தாமதித்து வரும். மனிதனும் எந்திரமும் உலையைக் கட்டுப்படுத்த அவகாசம் தருவதே இந்தத் தாமத நியூட்ரான்கள்தாம். யுரேனியம்-235இல் இது ஆயிரத்துக்கு ஆறரை. புளூட்டோனியம்-239இல் ஆயிரத்துக்கு இரண்டு சொச்சம். ஆக, புளூட்டோனியத்தில் ஓடும் உலையில் கே-யின் கணக்கு அரை சதவிகிதம் பிசகினால், அந்தப் பிசகு கையிலிருக்கும் மொத்த அவகாசத்தைவிடப் பெரியது. எங்கள் துறையில் அரை சதவிகிதத்துக்குள் ஒரு ஃபார்முலா சொன்னால் அதற்கு மாலை போட்டிருப்போம்.

இப்படிச் சொன்னதும் பயப்பட வேண்டாம். கணக்கு சொன்னதை மட்டும் நம்பி யாரும் உலையை ஏற்றுவதில்லை. முதல்முறை எரிபொருள் ஏற்றும்போது நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

உலைக்குள் ஒரு நியூட்ரான் மூலம் இருக்கும். பக்கத்தில் எண்ணும் கருவி. எரிபொருள் கட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள், ஒவ்வொரு முறையும் நிறுத்தி எண்ணுவார்கள். கட்டு கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். அந்த எண்ணிக்கையை அப்படியே வரைபடத்தில் போடாமல், அதன் தலைகீழைப் போடுவார்கள். உதாரணத்துக்கு, 72-ஆவது கட்டில் தொடர்வினை தானாகவே தொடரத் தொடங்கும் ஓர் உலை என்று வைத்துக்கொள்வோம். கோடு நேராக இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எண்ணிக்கை 100 என்றால் 36 கட்டில் 200, 54-இல் 400, 63-இல் 800 என்று வரும். தலைகீழாகப் போட்டால் 1, அரை, கால், அரைக்கால். புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்து நீட்டினால் கோடு பூஜ்யத்தைத் தொடும் இடம் 72. அங்கே போய்ச் சேர்வதற்கு வெகுமுன்பே அந்த இடம் தெரிந்துவிடும். நிஜத்தில் கோடு இவ்வளவு ஒழுங்காக இருக்காது, வளையும். அதனால்தான் நெருங்க நெருங்க அடியைச் சிறிதாக்கி, கடைசியில் ஒவ்வொரு கட்டாக வைப்பார்கள். 1942 டிசம்பர் 2-ஆம் தேதி சிகாகோவில் உலகின் முதல் உலையை என்ரிக்கோ ஃபெர்மி இயக்கியதும் இதே வழியில், ஸ்லைடு ரூலைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

72 என்பதை நான் சும்மா எடுக்கவில்லை. பெய்ஜிங் பக்கத்தில் இருக்கும் சீனாவின் சோதனை ஈனுலை (எரிபொருளை எரித்துக்கொண்டே புதிய எரிபொருளையும் ஈனும் வகை) 2010 ஜூலை 21 அன்று முதல்முறையாகத் தொடர்வினை தானே தொடரும் நிலையை அடைந்தபோது உள்ளே இருந்தவை 72 எரிபொருள் கட்டுகள். பின்னர் சர்வதேச அணுசக்தி முகமை அந்தத் தொடக்கச் சோதனைகளைப் பொதுவில் வைத்து, பல நாட்டுக் குழுக்களையும் அவரவர் நிரலில் போட்டுப் பார்க்கச் சொன்னது. உலையின் வடிவம், பொருள், வெப்பநிலை எல்லாம் தரப்படும். விடை மட்டும் முதலில் தரப்படாது. கணக்கை முடித்துக் கொடுத்த பிறகுதான் அளவு வெளியே வரும். இப்படி அளந்து, ஆராய்ந்து, பிழை எவ்வளவு என்று எழுதி, எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்படும் சோதனைக்குத்தான் பெஞ்ச்மார்க் என்று பெயர். சிமென்ட்காரனுக்கு எண்ணூர் மணல் எப்படியோ, உலைக் கணக்குக்காரருக்கு இது அப்படி.

விடையை மூடிவைப்பது ஏன் முக்கியம் என்று என் தங்கை மகளிடம் கேட்டேன். "தெரிஞ்சுட்டா கை சும்மா இருக்காது மாமா. எங்கேயாவது ஒரு குணகத்தைத் திருகத் தோணும்." இது எந்த ஆய்வுக்கூடத்திலும் உள்ள நோய்தான்.

கே-யைக் கணக்கிட ஒரு பெரிய எண்-நூலகம் வேண்டும். ஒரு நியூட்ரான் இன்ன வேகத்தில் இன்ன அணுவை நெருங்கினால் பிளக்குமா, விழுங்கப்படுமா, மோதித் திரும்புமா என்பதற்கான வாய்ப்புகளின் பட்டியல் அது. அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று. இவற்றில் சில எண்கள் துல்லியமாக அளக்கப்பட்டவை, சில கோட்பாட்டிலிருந்து வந்தவை, சில இரண்டும் கலந்தவை. அவற்றைச் சோதிக்க எளிமையான வடிவங்கள் தேவைப்பட்டன. லாஸ் அலமாஸில் 1950-களில் செய்த உருண்டைகள் இரண்டு இதில் புகழ்பெற்றவை. 'கொடைவா' என்பது சுற்றி எதுவும் இல்லாத செறிவூட்டிய யுரேனிய உருண்டை, ஆரம் சுமார் 8.7 சென்டிமீட்டர், எடை 52 கிலோ சொச்சம். 'ஜெஸிபெல்' புளூட்டோனிய உருண்டை, அதைவிடச் சிறியது, ஆரம் சுமார் 6.4 சென்டிமீட்டர். உருண்டையை விட எளிய வடிவம் கிடையாது. இதில் கணக்கு தவறினால் நூலகத்தின் எண்களில்தான் கோளாறு.

இப்படிப்பட்ட சோதனைகளைத் தேடிப்பிடித்துத் தொகுக்கும் வேலை 1992-இல் அமெரிக்காவில் தொடங்கி, 1995-இல் சர்வதேசத் திட்டமானது. அதன் பலனாக வந்த கையேட்டில் இன்று சில ஆயிரம் அமைப்புகள் இருக்கின்றன. அதை வெறும் எண் பட்டியல் என்று நினைத்துவிடக் கூடாது. எரிபொருளில் எவ்வளவு அசுத்தம், தட்டின் தடிமனில் எத்தனை மைக்ரான் ஏற்ற இறக்கம், அன்றைய அறை வெப்பநிலை, இவை ஒவ்வொன்றும் கே-யை எவ்வளவு அசைக்கும் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய குறிப்பேட்டில் ஒரு தேதி இடித்தால் அதையும் கிளறுவார்கள். பழைய பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓய்வு பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்தக் கையேட்டில் நம் கல்பாக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கும் காமினி, 1996 அக்டோபர் 29-இல் உயிர்பெற்ற சின்னஞ்சிறு உலை. திறன் 30 கிலோவாட்தான். ஆனால் தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டது, அந்த வகையில் அபூர்வமானது. யுரேனியம்-233-க்கு உலகில் நல்ல அளவீடுகள் குறைவு என்பதால் காமினியின் எண்களுக்கு மதிப்பு அதிகம். கேரளக் கடற்கரை மணலிலும் நம் மணவாளக்குறிச்சி மணலிலும் தோரியம் இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம். அதை எரித்து மின்சாரம் எடுக்கும் கணக்கு சரியா என்று பார்க்க உதவுவது இம்மாதிரிச் சின்ன உலைகள்தாம்.

இங்கே ஒரு நுணுக்கம். ஜெஸிபெல்லின் கே ஒன்று என்று வர வேண்டும் என்பதற்காகவே புளூட்டோனியத்தின் சில எண்களை நூலகத்தில் லேசாக நகர்த்தியிருக்கிறார்கள். நூலகம் தயாரிப்பவர்களே இதை ஒப்புக்கொள்கிறார்கள், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அதற்கப்புறம் 'எங்கள் நிரல் ஜெஸிபெல்லை அச்சாகச் சொல்கிறது' என்று யாராவது மார்தட்டினால், அதில் செய்தி ஒன்றும் இல்லை. இரண்டு பிழைகள் எதிரெதிராக இருந்து ஒன்றையொன்று தின்றுவிட்டாலும் விடை சரியாகவே வரும். வேறொரு வடிவத்தில், வேறொரு வெப்பநிலையில் ஒன்று மட்டும் பெரிதானால்தான் குட்டு வெளிப்படும்.

இனிக் கல்பாக்கத்தின் பெரிய வேலைக்கு வருகிறேன். முன்மாதிரி அதிவேக ஈனுலை, 500 மெகாவாட் மின்சாரம், 1250 மெகாவாட் வெப்பம். 2004-இல் கட்டுமானம் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பர் 26 சுனாமியில் அடித்தளக் குழியே தண்ணீரில் மூழ்கியது. 2024 மார்ச் 4-ஆம் தேதி பிரதமர் முன்னிலையில் உலை மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியது. எரிபொருள் புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த ஆக்சைடு. வெப்பத்தை எடுத்துச் செல்வது திரவ சோடியம், உள்ளே போகும்போது 397 டிகிரி, வெளியே வரும்போது 547 டிகிரி.

அதற்கு முன்பே அங்கே ஒரு ஈனுலை இருக்கிறது. பிரான்சின் ராப்சோடி உலையை ஒட்டி வடிவமைத்த சோதனை உலை, 1985 அக்டோபர் 18 முதல். ஆனால் அதன் திறன் 40 மெகாவாட் வெப்பம், எரிபொருள் கார்பைடு. புதிய உலையோ முப்பது மடங்கு பெரியது, எரிபொருளும் வேறு. என் சுண்ணாம்புக்கல் கதைதான். பழைய உலையில் பொருந்திய கணக்கு புதியதிலும் பொருந்தும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் புதிய உலைக்கான ஆக்சைடு எரிபொருளை 37 ஊசிகள் கொண்ட ஒரு கட்டாகச் செய்து, பழைய உலைக்குள் வைத்து வருடக்கணக்கில் எரித்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரின் கணக்கைச் சரிபார்க்க, டிராம்பேயில் 1956-இல் தொடங்கிய ஆசியாவின் முதல் உலையான அப்சராவின் ஓரத்தில் மாதிரித் தடுப்புகளை அடுக்கி அளந்தார்கள்.

கணக்கு எங்கே வழுக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். மையத்தில் சோடியம் கொதித்து இடம் வெறுமையானால் கே ஏறுமா, இறங்குமா? வெறுமையான இடத்தின் வழியாக நியூட்ரான் அதிகம் தப்பும், அதனால் இறங்கும். சோடியத்தில் மோதி வேகம் குறைவது நின்றுபோகும், வேகமான நியூட்ரான் அதிகப் பிளவை உண்டாக்கும், அதனால் ஏறும். இரண்டும் பெரிய எண்கள். விடை அவற்றின் வித்தியாசம். ஆயிரத்திலிருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூறைக் கழித்தால் பத்து. ஆயிரத்தில் ஒரே ஒரு சதவிகிதம் கூடிவிட்டால் விடை இருபது, அதாவது இரட்டிப்பு. (இவை விளக்கத்துக்கான எண்கள், எந்த உலையுடையவையும் அல்ல.) ரஷ்யாவின் பி.என்-600 உலையை வைத்து இம்மாதிரிக் கணக்குகளைப் பல நாட்டுக் குழுக்கள் போட்டு ஒப்பிட்டபோது கல்பாக்கமும் கலந்துகொண்டது. ஆனால் அது பெரும்பாலும் நிரலுக்கும் நிரலுக்கும் இடையிலான ஒப்பீடு. பத்துப் பேர் ஒரே நூலகத்தைத் திறந்து ஒரே விடை சொன்னால் கூட்டல் கழித்தல் சரி என்று தெரியும். இயற்கை ஒத்துக்கொண்டதா என்று தெரியாது.

நியூட்ரான் கணக்கு இப்படி என்றால், வெப்பத்தின் கணக்கு வேறு விதம். உலையை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கதிரியக்கப் பொருட்கள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். முதல் கணத்தில் முழுத் திறனில் ஆறேழு சதவிகிதம், சில மணி நேரம் கழித்தும் ஒரு சதவிகிதம் அளவுக்கு. 1250 மெகாவாட்டில் ஒரு சதவிகிதம் என்றால் பன்னிரண்டரை மெகாவாட். கரண்ட் போய், பம்ப் எல்லாம் நின்றுவிட்டாலும் இந்தச் சூடு வெளியேற வேண்டும். சூடான சோடியம் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். இந்த இயற்கைச் சுழற்சியை நம்பித்தான் கல்பாக்கத்தில் சூட்டைப் புகைபோக்கி வழியே காற்றுக்குக் கடத்தும் நான்கு தனிச் சுற்றுகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 8 மெகாவாட். பம்பு இல்லாமல் சோடியம் எவ்வளவு ஓடும் என்பது மெல்லிய விஷயம். கணக்கில் உராய்வைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாலே ஓட்டம் மாறிவிடும்.

அதனால் அங்கே 'சம்ராட்' என்று உலையின் கால் பங்கு அளவில் ஒரு மாதிரி கட்டினார்கள். உள்ளே சோடியம் இல்லை, தண்ணீர். தண்ணீரென்றால் கண்ணாடி வழியாக ஓட்டத்தைப் பார்க்கலாம், கை வைத்தால் தீப்பிடிக்காது. ஆனால் சோடியம் தண்ணீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஓட்டத்தின் வடிவத்தைத் தண்ணீர் சொல்லும், சூடு பரவுவதை முழுவதும் சொல்லாது. அதற்கென்று 'சாதனா' என்ற 355 கிலோவாட் சோடியச் சுற்றைத் தனியாக அமைத்தார்கள். ஒரு மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வது எனக்குப் பிடித்திருந்தது. உலை முழுவதன் போக்கையும் கணிக்கும் 'டயானா-பி' போன்ற நிரல்களைக் கல்பாக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அவற்றுக்குத் தீனி இப்படிப்பட்ட அளவீடுகள்தாம்.

ஆனாலும் மாதிரி மாதிரிதான். முழு உலையில் பம்பை நிறுத்திப் பார்க்க யார் துணிவார்கள்?

துணிந்தார்கள், பிரான்சில். மார்கூலில் 1973 முதல் ஓடிய ஃபெனிக்ஸ் ஈனுலை 2009 மார்ச்சில் மின்சாரம் கொடுப்பதை நிறுத்தியது. இடிப்பதற்கு முன்னால் சில மாதங்கள் அதைச் சோதனைக்கு விட்டார்கள். இனி உற்பத்தி நஷ்டம் என்ற பேச்சு இல்லை, கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டுவிடலாம். 2009 ஜூன் 22, 23 தேதிகளில் நடந்தது இயற்கைச் சுழற்சிச் சோதனை. உலை 120 மெகாவாட் வெப்பத்தில் ஓடிக்கொண்டிருக்க, நீராவிக் கலனுக்குப் போகும் தண்ணீரை நிறுத்தினார்கள். கலன் வறண்டது. வெப்பத்தை வாங்க ஆளில்லாமல் சோடியம் சூடேறித் திரும்பியது. 458-ஆவது விநாடியில் உலையை அணைத்தார்கள். எட்டு விநாடி கழித்து பம்புகளை நிறுத்தினார்கள். அப்புறம் யாரும் எதையும் தள்ளவில்லை, சோடியம் தானாகச் சுற்றியது. மூன்று மணி நேரம் போல ஆனபின் நீராவிக் கலன் உறையின் கதவுகளைத் திறந்து காற்றை உள்ளே விட்டார்கள். மொத்தம் ஏழு மணி நேரம்போல எல்லா வெப்பமானிகளும் பதிவு செய்தன.

சர்வதேச அணுசக்தி முகமை இதைப் பெஞ்ச்மார்க்காக வைத்தது. பிரான்ஸ், அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கொரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுடன் இந்தியாவிலிருந்து கல்பாக்கமும் கலந்துகொண்டது. முதல் சுற்றில் விடை மூடியிருந்தது. மொத்தப் போக்கை நிரல்கள் பிடித்தன, இயற்கைச் சுழற்சி வந்துவிடும் என்பதில் யாரும் தவறவில்லை. சறுக்கிய இடங்கள்தாம் சுவாரசியம். பெரிய குளத்தில் சூடான சோடியம் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் அடுக்கடுக்காகத் தேங்கி நிற்கிறது. குளத்தை ஒரே கலவையாகக் கருதும் எளிய நிரலுக்கு இந்த அடுக்கு கண்ணில் படாது. அதனால் குளத்துக்கு மட்டும் முப்பரிமாணக் கணக்கைச் சேர்த்து ஓட்ட வேண்டும் என்ற தெளிவு கிடைத்தது. நான் பொங்கலன்று பார்த்த வண்ணப் படம் அந்த வகைதான். படத்தின் மேல் எனக்கு இருந்த அலட்சியம் அப்போது கொஞ்சம் குறைந்தது.

அமெரிக்காவின் ஐடஹோவில் இதைவிடத் துணிச்சலான சோதனை 1986 ஏப்ரல் 3 அன்று நடந்தது. இ.பி.ஆர்-2 என்ற சோடிய உலையை முழுத் திறனில் ஓட்டி, பம்புகளை நிறுத்திவிட்டு, தானியங்கி அணைப்பையும் வேலை செய்யவிடாமல் தடுத்துவைத்தார்கள். வெப்பநிலை கிடுகிடுவென ஏறியது. சூட்டில் உலையின் பாகங்கள் விரிந்தன, நியூட்ரான்கள் அதிகம் தப்பின, உலை தானாகவே அடங்கியது. தண்டை யாரும் இறக்கவில்லை. 2012 முதல் 2016 வரை 11 நாடுகளின் 19 அமைப்புகள் இந்த உலையின் சோதனைப் பதிவுகளை வைத்துத் தங்கள் நிரல்களை உரசிப் பார்த்தன. கல்பாக்கமும் அதில் ஒன்று. ஆனால் இ.பி.ஆர்-2-இன் எரிபொருள் உலோகம். நம்முடையது ஆக்சைடு. உலோகம் சூட்டை எளிதில் கடத்திவிடும், ஆக்சைடு உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 'அங்கே தானாக அடங்கியது, ஆகவே இங்கேயும் அடங்கும்' என்று மேடையில் யாராவது பேசினால் கைதட்ட அவசரப்படாதீர்கள். அந்தச் சோதனை நிரலின் சில பகுதிகளைச் சரிபார்க்கும், நம் உலைக்குச் சான்றிதழ் தராது.

அந்த ஏப்ரல் 3-க்கு 23 நாள் கழித்து செர்னோபில். அதில் கணக்கைவிட அளவீட்டின் கதை சோகமானது. 1983-இல் லிதுவேனியாவின் இக்னலினாவில் அதே வகை உலையின் தொடக்கச் சோதனையில், அணைக்கும் தண்டுகளை இறக்கும் முதல் கணங்களில் திறன் குறைவதற்குப் பதிலாக ஏறக்கூடும் என்பதைக் கருவி காட்டிவிட்டது. தகவல் மற்ற நிலையங்களுக்கும் போனது. அதற்குமேல் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. பதிவேட்டில் எழுதி, மேலதிகாரி கையெழுத்தும் வாங்கி, யாரும் படிக்காமல் போன எண்களை நானும் பார்த்திருக்கிறேன். சிமென்டில் அதன் விலை சில லாரி லோடுதான்.

அளவீடு இருந்தும் விளக்க முடியாமல் போனதும் உண்டு. ஃபெனிக்ஸில் 1989, 1990 ஆண்டுகளில் நான்கு முறை, கால் விநாடிக்கும் குறைந்த நேரத்தில் திறன் சட்டென்று விழுந்து, கொஞ்சம் மீண்டு, மறுபடி விழுந்தது. பாதுகாப்புக் கருவி உலையை அணைத்தது. கருவிக் கோளாறு இல்லை, நிஜமாகவே நடந்தது. மையத்தின் கட்டுகள் ஒரு கணம் விரிந்து மீண்டிருக்கலாம் என்பது முக்கியச் சந்தேகம். எது விரித்தது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட பதில் இல்லை. கடைசிக் காலச் சோதனைகளிலும் இதற்கென்று சிலவற்றைச் செய்தார்கள். பிரான்சில் இதை ஒளித்து வைக்காமல் எண்களோடு வெளியே வைத்தார்கள் என்பதால்தான் அரியலூரில் உட்கார்ந்து நான் இதை எழுத முடிகிறது.

பெரம்பலூரில் தங்கை வீட்டுப் பக்கத்துக் காட்டில் சின்ன வெங்காயம் போட்டிருப்பவர் ஒருமுறை கேட்டார்: "ஏங்க, கல்பாக்கத்துல ஏதாவதுன்னா நம்ம ஊருக்கு வருமா?" நேர்கோட்டில் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அவரிடம் 'நிரல் சரிபார்க்கப்பட்டது' என்று சொல்லிப் பயனில்லை. எதை வைத்துச் சரிபார்த்தீர்கள், எவ்வளவு முன்னே பின்னே வந்தது, எந்த எல்லைக்கு அப்பால் அது செல்லாது என்று மூன்று பதில் சொன்னால் அவருக்குப் புரியும். அவரும் விதை மூட்டையில் போட்டிருக்கும் முளைப்புத் திறனை அப்படியே நம்பிவிடுகிறவர் இல்லை.

அந்த மூன்றாவது பதிலுக்கான எண்கள் இனி கல்பாக்கத்திலேயே பிறக்கும். ஒரு புதிய உலையைத் தொடங்கும்போது ஒவ்வொரு கட்டுப்பாட்டுத் தண்டின் வலிமையும் அளக்கப்படும், சோடியம் சூடேறும்போது கே எவ்வளவு இறங்குகிறது என்பது அளக்கப்படும், பம்பு வேகம் குறையும்போது வெப்பநிலை எப்படிப் போகிறது என்பது பதிவாகும். இந்த அளவில் ஆக்சைடு எரிபொருள், சோடியக் குளம் என்று அமைந்த உலைகள் உலகில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அங்கேயே அடுத்து இரண்டு ஈனுலைகள் கட்டும் திட்டமும் இருக்கிறது. மற்றவர்கள் மூடிவைத்துத் தந்த விடைகளைக் கொண்டு முப்பது வருடமாகத் தேர்வு எழுதிய நாம், இந்த முறை விடையை மூடிவைத்துக் கேள்வியைக் கொடுக்கலாம். காமினிக்குச் செய்தது போல, அசுத்தம், தடிமன், வெப்பநிலை, கூட்டல்-கழித்தல் பிழை எல்லாம் எழுதிப் பொதுக் கையேட்டில் சேர்க்கலாம். பாதுகாப்பு ரகசியம் என்று சிலதை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், அது புரிகிறது. எல்லாவற்றையும் அந்த ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடக் கூடாது. என் தங்கை மகளுக்கும் இதே எண்ணம்தான். சொந்த நிரலை அதில் முதலில் போட்டுப் பார்க்க அவள் தயார், விடையைப் பார்க்காமல்.